கதாயுதம் நழுவிய கணம்

திருவனந்தபுரத்தில் அனந்தபத்மநாப சுவாமி ஆலயத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் ஸ்ரீவராகம் என்னும் பகுதி உள்ளது. அங்கே கோயில் கொண்டிருக்கும் லக்ஷ்மி வராகமூர்த்தியின் திருநாமமே ஊரின் பெயராக வழங்கி வருகிறது. ஆலயத்தை அடுத்துப் பெரிய திருக்குளம். கோட்டையைச் சுற்றியுள்ள மற்றத் தெருக்களைப் போலவே இங்கும் பல தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. என் இளமையின் சில ஆண்டுகள் இந்தக் குளக்கரையில்தான் கழிந்தன.

வராக அவதாரம் என்றவுடன் பூமிதேவியைக் கோரைப் பல்லில் ஏந்தி நிற்கும் திருக்கோலமே நம் நினைவுக்கு வரும். ஹிரண்யாக்ஷனைப் பகவான் வதம் செய்த வரலாற்றையும் நாம் அறிவோம். ஆனால் அந்தப் போரின் நடுவே நிகழும் ஒரு சிறு நிகழ்ச்சியைப் பலரும் கவனிப்பதில்லை. ஸ்ரீமத் பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தம் அதைக் கூறுகிறது.

இருவரும் கதாயுதம் ஏந்திப் பொருகின்றனர். அசுரனின் வலிய அடி ஒன்றால் பகவானின் கையிலிருந்த கதை நழுவிச் சுழன்று கீழே விழுகிறது. வானத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தேவர்கள் பதறுகின்றனர். எதிரி வெறுங்கையுடன் நிற்கிறான். தாக்குவதற்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. ஆயினும் ஹிரண்யாக்ஷன் தாக்கவில்லை. ஆயுதமற்றவனை அடிப்பது போர் தர்மம் ஆகாது என்று எண்ணி நிற்கிறான். அவனுடைய அந்தத் தர்ம உணர்வைப் பகவான் மனத்தில் கொண்டாடி, அதன் பிறகே சுதர்சனத்தை நினைக்கிறார்.

உலகையே கவர்ந்து சென்றவன், தேவர்களை நடுங்க வைத்தவன், அந்த ஒரு கணத்தில் தன் கையை அடக்கிக்கொண்டான். அதே அசுரன் சற்று நேரத்தில் மாயப் போரில் இறங்குவதையும் பாகவதம் மறைக்கவில்லை. அவனுடைய வாழ்வு முழுவதும் தர்மமாக இருக்கவில்லை. அந்தக் கணம் தர்மமாக இருந்தது. அதைக்கூடப் பகவான் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

தமிழர்களாகிய நமக்கு இதன் மறுபக்கம் நன்கு தெரியும். முதல் நாள் போரில் படைக்கலங்களை எல்லாம் இழந்து நின்ற இராவணனை இராமபிரான் கொல்லவில்லை. மறுநாள் வரும்படி திருப்பி அனுப்பினார். அங்கே இறைவன் அசுரனுக்கு அளித்த மதிப்பை, இங்கே அசுரன் இறைவனுக்கு அளிக்கிறான். 'படைச்செருக்கு' அதிகாரத்தில் வள்ளுவரும், பகைவனுக்கு இடுக்கண் நேரும்போது அவனுக்கு உதவி நிற்கும் பண்பையே வீரத்தின் கூர்மை என்று கருதுகிறார்.

எதிரியின் கதை நழுவும் கணத்தில் நாம் யாராக இருக்கிறோம்? இந்தக் கேள்வியை எனக்கு முதன்முதலில் எழுப்பியது எந்த நூலும் அன்று. ஒரு சதுரங்கப் பலகை.

திண்ணையில் ஒரு வெற்றி

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டருகே வசித்து வந்தார். நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்றே அழைப்போம். மாலையில் சந்தியாவந்தனம் முடிந்ததும் திண்ணையில் பலகையை விரித்து வைப்பார். அவருடன் நான் எத்தனையோ ஆட்டங்கள் ஆடினேன், ஒன்றிலும் வென்றதில்லை.

ஒரு நாள் ஆட்டம் சமநிலையில் போய்க்கொண்டிருந்தது. நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தனர். மாமா மந்திரியை எடுக்கக் கையை நீட்டினார். முதுமையினால் அவர் விரல்களில் எப்போதும் சிறு நடுக்கம் இருக்கும். சுண்டுவிரல் பக்கத்திலிருந்த ராணியின்மேல் பட்டுவிட்டது.

"ராணியைத் தொட்டாச்சு மாமா! அதைத்தான் ஆடணும்" என்றேன்.

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ராணியை நகர்த்தினார். அடுத்த சில நகர்த்தல்களில் ராணி போயிற்று, ஆட்டமும் போயிற்று. என் கையைப் பிடித்து, "ஜெயிச்சுட்டே" என்றார். நான் வீடு நோக்கி ஓடினேன். ஆனால் வீட்டில் யாரிடமும் அந்த வெற்றியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் மாலை திண்ணைப் பக்கம் போகத் தயங்கி நின்றேன். மாமா வழக்கம்போல் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "வா, இன்னிக்கு நீ வெள்ளை" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடிந்திருந்தால் மறந்திருப்பேன். கடியாததனால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பல ஆண்டுகள் கழித்துப் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளைப் படித்தபோது மற்றோர் உண்மையும் தெரிந்தது. தொட்ட காயை ஆடவேண்டும் என்ற விதி, வேண்டுமென்றே தொட்ட காய்க்குத்தான். தவறிக் கைபட்ட காய்க்கு அது பொருந்தாது. ஆக, நான் சட்டத்தைக் காட்டிச் சட்டத்தையே மீறியிருந்தேன்.

விதி இங்கே மனத்தின் நோக்கத்தைக் கேட்கிறது. நோக்கத்தை அறிந்தவர் தொட்டவர் ஒருவரே. அவர் ராணியை ஆட நினைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாதவன்போல் நடந்துகொண்டேன். குற்றம் அங்கேதான் இருந்தது.

போரும் பலகையும்

சதுரங்கம் என்ற சொல்லுக்கு நான்கு அங்கங்கள் என்பது பொருள். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையே அது குறிக்கிறது. பாரதத்தில் பிறந்த இவ்விளையாட்டு பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் சென்று, பின் ஐரோப்பாவை அடைந்தது. அங்கே 1780-ல் ஹெல்விக் என்ற ஜெர்மானிய ஆசிரியர் சதுரங்கத்தையே விரிவாக்கிப் போர் விளையாட்டு ஒன்றை அமைத்தார். 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் படை அதிகாரி, வரைபடத்தின்மீது பகடையும் நடுவரும் கொண்டு ஆடும் போர்ப் பயிற்சி விளையாட்டை உருவாக்கினார். 1913-ல் ஆங்கில எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸ் பொம்மைப் படைவீரர்களை வைத்து ஆடுவதற்கான விதிகளை நூலாக எழுதி, மெய்யான போரைவிட இந்தச் சிறு போரே மேலானது என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது.

இன்றும் பல நாடுகளில் மேஜைமீது சிறிய மலைகளையும் காடுகளையும் அமைத்து, பொம்மைப் படைகளை நிறுத்தி இத்தகைய போர் விளையாட்டுகளை ஆடுகின்றனர். அளவுநாடாவால் தூரம் அளந்து படையை நகர்த்துவார்கள். பகடை உருட்டி அடியின் பலனைத் தீர்மானிப்பார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு மேஜைக்கும் நடுவர் கிடையாது. நாடாவை அரை விரற்கடை தள்ளிப் பிடித்தால் படை முன்னேறிவிடும். பகடையை அவசரமாக அள்ளிக்கொண்டால் எண் மாறிவிடும். ஆகவே நல்ல ஆட்டக்காரர்கள், எது காடு, எந்தச் சுவர் படைக்கு மறைவு தரும் என்பதை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்கின்றனர். பகடையை எதிராளியின் கண்முன்னே உருட்டுகின்றனர். அது எதிலாவது சாய்ந்து நின்றால் மறுபடியும் உருட்டுகின்றனர். "என் படை உன் அம்பெல்லைக்கு வெளியே நிற்கிறது, சரிதானே?" என்று கேட்டுக்கொண்டே காயை வைக்கின்றனர்.

பகைவர்களாக எதிரெதிரே அமர்ந்த இருவர், ஒருவர்க்கொருவர் சாட்சியாகவும் அமர்ந்திருக்கின்றனர் என்பதே இதன் உட்பொருள். எதிராளி இல்லையேல் ஆட்டம் இல்லை. அவர் நேர்மையாக இல்லையேல் வெற்றிக்குப் பொருள் இல்லை. நம் வெற்றியை நமக்கு அளிக்க வல்லவர் அவர் ஒருவரே. அப்படியிருக்க, அவரை மதியாமல் அவரிடமிருந்து வெற்றியை எப்படிப் பெறுவது?

சதுரங்க விதியில் ஓர் அழகு உண்டு. அரசன் தப்ப வழியில்லை என்றானவுடன் ஆட்டம் நின்றுவிடுகிறது. மற்றக் காய்கள் எல்லாம் வெட்டப்படலாம். அரசனைப் பலகையிலிருந்து யாரும் எடுப்பதில்லை. தோற்றவரின் மானத்துக்கு ஓர் இடம் விட்டே அந்த விளையாட்டு முடிகிறது.

சட்டம் தொடாத இடம்

மரியாதையைச் சட்டத்தால் உண்டாக்க முடியுமா? 2008 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே நகரில் நடந்த போட்டியில், பல்கேரியாவின் செப்பரினோவ், ஆட்டத்துக்குமுன் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட் நீட்டிய கையைப் பற்ற மறுத்தார். கைகுலுக்க மறுப்பவர் தோற்றவராவார் என்ற விதி அப்போது வந்திருந்தது. அதன்படி ஷார்ட் வென்றதாக அறிவிக்கப்பட்டார். மேல்முறையீட்டுக் குழு, செப்பரினோவ் மன்னிப்புக் கேட்டு ஆட்டத்தை ஆடவேண்டும் என்று முடிவு செய்தது. ஆட்டம் நடந்தது, ஷார்ட் பலகையின்மீதே வென்றார். சட்டம் இரு கைகளைச் சேர்த்து வைத்தது. அதற்கு அப்பால் சட்டத்துக்கு வேலை இல்லை.

1994-ல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் நிகழ்ந்ததோ இன்னும் நுட்பமானது. அன்றைய முதல்நிலை வீரரான கஸ்பரோவ், பதினேழு வயதான ஜூடித் போல்காருக்கு எதிராகக் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து, உடனே மனம் மாறி வேறு கட்டத்துக்கு நகர்த்தினார். விரல்கள் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் காயை விட்டதை ஒளிப்பதிவு காட்டியது. கஸ்பரோவோ, காயை விட்டதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றார். அந்தப் பெண் ஆட்டத்தின்போது முறையிடவில்லை, ஆட்டத்திலும் தோற்றார். அவருடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? கண்ணிமைக்கும் அந்த நேரத்தில் சாட்சி சொல்ல வேண்டியவர் ஆடுபவரே என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால் போதும். நம் விரல்களுக்கு நாமே காவல்.

மரியாதை என்பது விட்டுக்கொடுப்பதா?

இங்கே ஓர் ஐயம் எழும். எதிராளியை மதிக்க வேண்டுமானால் அவர் தவறு செய்யும்போது கண்டும் காணாமல் விடவேண்டுமா? வலிமையைக் குறைத்துக்கொண்டு ஆடவேண்டுமா?

2024 டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கச் சாம்பியன் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம். இருவரும் சமமான புள்ளிகளில் இருந்தனர். ஆட்டமும் சமனில் முடியும் என்றே பலரும் எண்ணினர். 55-ஆவது நகர்த்தலில் சீனாவின் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். எதிரே இருந்தவர் சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷ். அவர் அந்தத் தவற்றை மன்னித்து விடவில்லை, விடவும் கூடாது. காய்களை ஒன்றுக்கொன்று வெட்டிக்கொண்டு ஆட்டத்தை வென்றார். 7½–6½ என்ற கணக்கில் உலகப் பட்டமும் அவரை அடைந்தது.

ஹிரண்யாக்ஷன் கதையை ஓங்காமல் நின்றது தர்மம் என்றால், குகேஷ் யானையின் தவற்றைப் பயன்படுத்திக்கொண்டது எப்படித் தர்மமாகும்? இரண்டுக்கும் நுட்பமான வேறுபாடு உண்டு. எந்தக் கட்டத்தில் யானையை வைப்பது என்று சிந்திப்பதே அந்த ஆட்டம். அந்தச் சிந்தனையில் நேர்ந்த பிழையின் பலனை எடுத்துக்கொள்ள எதிராளிக்கு உரிமை உண்டு. எடுக்காமல் விட்டால், "நீ எனக்குச் சமமானவன் அல்லன்" என்று சொல்லாமல் சொல்வதாகும். அது இரக்கத்தின் உருவில் வந்த அவமதிப்பு. ஆயுதம் இழந்தவனோ போட்டிக்குள்ளேயே இல்லை. மாமாவின் நடுங்கும் விரலும் போட்டிக்குள் இல்லை. எதிராளி தம் அறிவால் இழந்ததை நாம் பெறலாம். அவருடைய முதுமையால், நோயால், விதி அறியாமையால், நடுவர் காணாததால் அவர் இழந்ததைப் பெறலாகாது. முழு வலிமையோடு ஆடுவதும் மரியாதை. வலிமைக்குத் தொடர்பில்லாத லாபத்தை வேண்டாம் என்பதும் மரியாதை.

வெற்றிக்குப் பின் குகேஷ் கண்ணீர் விட்டார். அந்த நிலையிலும் காய்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் அடுக்கி வைத்த பிறகே எழுந்தார். செய்தியாளர்கள்முன், லிரென் பல ஆண்டுகளாக உலகின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் என்றும், கடினமான காலத்திலும் உண்மையான சாம்பியனாகப் போராடினார் என்றும் புகழ்ந்தார். எதிராளியைச் சிறியவராக்கி யாரும் தம் வெற்றியைப் பெரிதாக்க முடியாது.

தோல்வியிலும் இந்தப் பெருமை ஒளிரக்கூடும். 1972-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் ஸ்பாஸ்கியும் பாபி ஃபிஷரும் மோதினர். இரு வல்லரசுகளின் பகையே பலகையின்மீது வந்து அமர்ந்ததாக உலகம் கருதிய காலம் அது. ஆறாவது ஆட்டத்தில் ஃபிஷர் மிக அழகாக ஆடி வென்றார். அரங்கம் கைதட்டியது. தோற்ற ஸ்பாஸ்கியும் சேர்ந்து கைதட்டினார். நாடு, பட்டம், அகந்தை ஆகிய மூன்றையும் அந்தக் கணம் அவர் மறந்திருக்க வேண்டும்.

கோபம் வரும்போது

நல்லவர்களுக்குக் கோபமே வராது என்று எண்ண வேண்டியதில்லை. 2025 ஜூன் மாதத்தில் நார்வே நாட்டில் நடந்த போட்டியில், வெல்லும் நிலையிலிருந்த மாக்னஸ் கார்ல்சன் குகேஷிடம் தோற்றார். சினம் தாளாமல் மேஜையை ஓங்கிக் குத்தினார், காய்கள் சிதறின. அடுத்த கணமே வருத்தம் தெரிவித்துக் கைகொடுத்தார். போகும்போது குகேஷின் முதுகில் தட்டிச் சென்றார். அது பற்றிக் கேட்டபோது குகேஷ், தாமும் எத்தனையோ மேஜைகளைக் குத்தியிருப்பதாகச் சொல்லிச் சிரித்துவிட்டார்.

சினம் எழுந்தது இயல்பு. சினம் வழிநடத்த இடம் கொடாமல் திரும்பியது பண்பு. அந்தச் சினத்தைக் குற்றமாகப் பிடித்துக்கொள்ளாமல், 'நானும் அப்படித்தான்' என்று பக்கத்தில் வந்து நின்றது அதனினும் உயர்ந்த பண்பு. எதிராளியிடம் தன்னைக் காண்பவனுக்குப் பகைமை எங்கே தங்கும்?

எதிர்ப்புறம் அமர்ந்தவர்

பங்குனி உற்சவத்தின்போது பத்மநாப சுவாமி ஆலயத்தின் கிழக்கு வாயில்முன் பஞ்ச பாண்டவர்களின் பேருருவங்களை நிறுத்துவார்கள். சிறுவயதில் அவற்றை அண்ணாந்து பார்த்து வியந்து நிற்போம். அந்த ஐவரின் வாழ்வைக் குலைத்ததும் ஒரு பலகை விளையாட்டே. சகுனியின் பகடையில் எதிராளி என்பவர் ஆட்டத்தின் துணைவர் அல்லர், வேட்டைப் பொருள். அந்தச் சபையில் இழந்த மரியாதைக்குப் பதினெட்டு நாள் போரே விலையாயிற்று.

ஆனால் அதே தர்மபுத்திரர், குருக்ஷேத்திரத்தில் போர் தொடங்கும் வேளையில் கவசத்தைக் களைந்து, ஆயுதங்களைக் கீழே வைத்து, கால்நடையாக எதிர்ப்படைக்குள் சென்றார். பீஷ்மரையும் துரோணரையும் வணங்கி, அவர்களோடு பொருவதற்கு அவர்களிடமே அனுமதி வேண்டினார். அவர்கள் மகிழ்ந்து ஆசி கூறினர். விளையாட்டு போரைப் போல் இழிந்ததும் உண்டு. போர் வழிபாட்டைப் போல் உயர்ந்ததும் உண்டு. இரண்டையும் பிரிப்பது எதிரே இருப்பவரை நாம் காணும் விதமே.

நம் தலபுராணங்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. அம்பலப்புழையில் முனிவர் வேடத்தில் வந்து அரசனோடு சதுரங்கம் ஆடியவர் கண்ணபிரானே என்பது கேரளத்தின் வழக்கு. அங்கே நிவேதிக்கப்படும் பால்பாயசத்தோடு அக்கதை இணைந்துள்ளது. திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூரில், யாரும் வெல்ல இயலாத அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி வென்ற சிவபெருமான் சதுரங்க வல்லபநாதர் என்று வணங்கப்படுகிறார். இரண்டு கதைகளிலும் ஆடியவர்கள், எதிரே இருப்பவர் யாரென்று அறியாமலே ஆடினார்கள்.

ஹிரண்யாக்ஷனும் அறியவில்லை. அவன் பூர்வத்தில் வைகுண்டத்தின் வாயில் காத்தவன். சாபத்தால் அசுரனாகப் பிறந்தவன். தன் எதிரே நிற்பவர் தன்னுடைய சுவாமி என்பது தெரியாமலே அவரோடு பொருதான். தெரியாத நிலையிலும், கதை நழுவியபோது கையை அடக்கினான். தெரிந்து செய்யும் மரியாதையில் அச்சமும் ஆசையும் கலந்திருக்கலாம். தெரியாதவரிடம் காட்டும் மரியாதையே தூயது.

வாழ்க்கையில் நமக்கும் எதிர்ப்புறம் அமர்வோர் பலர். அலுவலகத்தில் போட்டியாளர், பாகப் பிரிவினையில் சகோதரர், விவாதத்தில் மாற்றுக் கருத்துடையவர். இவர்களில் யாருடைய கதை இன்று நழுவியிருக்கிறது? அதைப் பார்த்தும் நம் கை உயர்ந்துகொண்டிருக்கிறதா? உறங்கச் செல்லுமுன் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

மாமா இன்று இல்லை. மன்னிப்புக் கேட்கும் துணிவு எனக்கு வந்தபோது அவர் கேட்கும் நிலையைக் கடந்துவிட்டார். ஊருக்குச் செல்லும்போதெல்லாம் வராகமூர்த்தியைத் தரிசித்து, குளப்படியில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு வருகிறேன். அண்டை வீட்டுச் சிறுவர்களோடு இப்போதும் ஆடுவதுண்டு. என் விரல்களும் நடுங்கத் தொடங்கிவிட்டன. ஆட்டம் முடிந்ததும் காய்களை அடுக்கி வைத்து, "வா, நாளைக்கு நீ வெள்ளை" என்று சொல்லி அனுப்புகிறேன். அவரிடம் நான் பட்ட கடனை அடைக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.